மதிப்பெண் பட்டியலைக் கடைசியில்தான் பார்த்தார்கள்

2023 ஜூன் மாத நடுவில், பெங்களூரில் பி.எஸ்சி. முதலாண்டுத் தேர்வுகளை முடித்துவிட்டு விடுதி அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக அம்மாவிடமிருந்து போன் வந்தது. ரயிலில் இடம் கிடைக்காமல் இரவுப் பேருந்தில் ஊர் வந்து சேர்ந்தேன். பத்து நாளில் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் வலது கையும் காலும் அவர் சொன்னபடி கேட்கவில்லை. அம்மா ஒருத்தியால் அவரைத் தூக்கி உட்கார வைக்க முடியாது, தம்பியோ எட்டாம் வகுப்புப் பையன். மீதிப் படிப்பை ஊரிலேயே முடிப்பது என்று அன்று ராத்திரியே முடிவு செய்துவிட்டேன். அந்த முடிவைக் காகிதத்தில் நிறைவேற்ற ஏழு வாரம் பிடித்தது.

பாளையங்கோட்டையைத் தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் நாங்கள். அப்பாவைப் பார்க்க வந்த பெரியப்பா, "இத்தன காலேசு கெடக்கு, இந்தப் புள்ளைய வேண்டாம்னு எவன் சொல்லப் போறான்?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பத்துக்கு 8.9 தரப்புள்ளி இருந்தது. ஒரு தாளிலும் அரியர் இல்லை. கணிதத் துறைப் பேராசிரியர் ஒருவர் கொடுத்த பரிந்துரைக் கடிதமும் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது மதிப்பெண்ணைக் கொண்டுதானே இடம் கிடைத்தது, இப்போதும் அப்படித்தான் கிடைக்கும் என்று நம்பி, மதிப்பெண் விவரத்தை மேலாக வைத்து ஒரு கோப்பு தயார் செய்துகொண்டு கிளம்பினேன்.

முதலில் போன கல்லூரியில் அலுவலகக் கண்காணிப்பாளர் அந்தக் கோப்பைத் தொடவே இல்லை. இரண்டாமாண்டு கணிதத்தில் இடம் காலி இல்லை என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். மதிப்பெண்ணையாவது பாருங்கள் என்று நான் கேட்டதற்கு, எவ்வளவு மதிப்பெண் இருந்தாலும் நாற்காலி இல்லாத வகுப்பில் எங்கே உட்கார வைப்பது என்றார். அப்போது அது இரக்கமில்லாத பேச்சாகப் பட்டது. இன்று யோசித்தால், அந்த ஏழு வாரத்தில் எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான பதில் அதுதான்.

எங்கள் எதிர்வீட்டு மாமா முப்பது ஆண்டுகள் கல்லூரி அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்று மாலை திண்ணையில் என்னை உட்கார வைத்து, முதலாண்டுச் சேர்க்கையும் இடைச் சேர்க்கையும் வெவ்வேறு சங்கதிகள் என்பதை விளக்கினார். முதலாண்டில் இருக்கும் இடங்களுக்கு எல்லோரும் போட்டி போடுகிறார்கள், அதனால் மதிப்பெண் பேசுகிறது. இரண்டாமாண்டில் போட்டியே கிடையாது. யாராவது விட்டுப்போன இடம் ஒன்று இருக்க வேண்டும், அந்த வகுப்பு இதுவரை படித்ததை நாமும் படித்திருக்க வேண்டும். ஒரு பாடப்பிரிவில் எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்பதற்குப் பல்கலைக்கழகம் ஒப்புதல் அளித்த எண்ணிக்கை உண்டு. அது நிரம்பியிருந்தால் முதல்வரே மனம் வைத்தாலும் கூட ஒருவரைச் சேர்க்க முடியாது. "நீ போயி மார்க்க காட்டுத. அவிய எடத்த பாக்காவ" என்று சொல்லிச் சிரித்தார்.

காலியிடத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்பதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஜூன் மாதத்தில் கணிதத்திலோ இயற்பியலிலோ சேருகிறவர்களில் சிலர், பொறியியல் கலந்தாய்வு முடியும்வரை ஒரு பிடிமானத்துக்காகவே அந்த இடத்தை வைத்திருக்கிறார்கள். ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ பொறியியலில் இடம் கிடைத்ததும் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதற்குள் கலை அறிவியல் கல்லூரிகளில் சேர்க்கை முடிந்திருக்கும் என்பதால் அந்த இடங்களில் சில நிரப்பப்படாமலே அடுத்த ஆண்டுக்கு நகர்கின்றன. ஆகவே நல்ல மதிப்பெண்காரர்கள் அதிகம் சேரும் வகுப்பில்தான் இரண்டாமாண்டில் காலியிடம் இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவர் கணக்கு. கேட்பதற்குத் தலைகீழாக இருந்தாலும், என் விஷயத்தில் அது சரியாகவே இருந்தது.

இந்த எண்ணிக்கை எந்த இணையதளத்திலும் இருக்காது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான இணையவழி விண்ணப்பமும் முதலாண்டுச் சேர்க்கைக்கானதுதான். நான் செய்தது மிகச் சாதாரணமான வேலை: பள்ளியில் என்னோடு படித்துவிட்டு இங்கேயே கல்லூரிகளில் சேர்ந்திருந்த தோழிகளைப் போனில் பிடித்து, உங்கள் வகுப்பில் போன ஆண்டு வருகைப் பதிவேட்டில் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர் என்று கேட்டேன். இரண்டு நாளில் ஐந்து வகுப்புகளின் நிலவரம் தெரிந்துவிட்டது. அரசு உதவி பெறும் பிரிவு நிரம்பியிருந்த ஒரு கல்லூரியில் சுயநிதிப் பிரிவில் மூன்று இடங்கள் காலியாக இருந்தன. இன்னொன்றில் உதவி பெறும் பிரிவிலேயே ஓர் இடம் இருந்தது. கட்டணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு என்பதால் இரண்டாவதையே முதலில் முயன்றேன். முதல் நாள் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைவதற்கு முன்பே இந்த ஐந்து போன் அழைப்புகளைச் செய்திருக்கலாம்.

அந்தக் கல்லூரியின் கணிதத் துறைத் தலைவர் அம்மையாரின் அறையில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இடமாற்றம் உண்மையில் அந்த மேசையில்தான் தீர்மானமானது. நான் நீட்டிய மதிப்பெண் விவரத்தை அவர் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தார். "மார்க்கு கெடக்கட்டும்மா, சிலபஸ் எங்க?" என்றார். என்னிடம் இருந்தது தாள்களின் பெயர்ப் பட்டியல் மட்டும்தான். பெயரைக் கொண்டு எதுவும் சொல்ல முடியாது, அலகு வாரியாகப் பாடத்திட்டம் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் எங்கள் கல்லூரித் தளத்திலிருந்து இறக்கி, முருகன்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, நாற்பது பக்கக் கட்டோடு மறுபடியும் போனேன்.

அவர் தம்முடைய பாடத்திட்டத்தை இடப்பக்கமும் என்னுடையதை வலப்பக்கமும் விரித்து வைத்து, பென்சிலால் ஒவ்வொரு வரியாக டிக் போட்டுக்கொண்டே போனார். கர்நாடகத்தில் 2021-22 முதல் தேசியக் கல்விக் கொள்கையின்படி நான்காண்டுப் பாடமுறை நடப்பில் இருந்தது. 2024-25-இல் அவர்கள் அதைக் கைவிட்டு மூன்றாண்டுக்கே திரும்பிவிட்டார்கள் என்றாலும், நான் படித்தது அந்த இடைக்காலத்தில். அம்முறையில் முதலிரண்டு ஆண்டுகளில் இரண்டு முதன்மைப் பாடங்கள் சரிசமமாக இருக்கும். எனக்குக் கணிதமும் இயற்பியலும். ஒரு பருவத்துக்குக் கணிதத்தில் ஒரே தாள்தான். இயற்கணிதமும் நுண்கணிதமும் அதற்குள்ளேயே பாதிப் பாதி. இங்கேயோ ஒரு பருவத்துக்குக் கணிதத்தில் இரண்டு முதன்மைத் தாள்கள், இயற்பியல் துணைப்பாடம். ஆக இயற்பியலில் எனக்குத் தேவைக்கு மேல் இருந்தது, கணிதத்தில் குறை இருந்தது. "பகுதி வகையிடல் நடத்தினாங்களா? முப்பரிமாண வடிவியல் எங்கயும் காணலையே?" என்று கேட்டுக் கேட்டு, காணாத இடத்திலெல்லாம் ஓரத்தில் சிறு வட்டம் போட்டார். முக்கால் மணி நேரத்தில் எட்டு வட்டங்கள் விழுந்தன.

அதைவிடப் பெரிய ஓட்டை நான் நினைத்தே பார்க்காத இடத்தில் இருந்தது. தமிழ்நாட்டில் இளநிலைப் படிப்பு ஐந்து பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. பகுதி ஒன்று தமிழ் அல்லது பிறமொழி, பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மையும் துணையும், பகுதி நான்கில் சுற்றுச்சூழல் கல்வி போன்றவை, பகுதி ஐந்து விரிவாக்கப் பணி. பெங்களூரில் நான் மொழிப்பாடமாக எடுத்தது கூடுதல் ஆங்கிலம், அதுவும் எளிதாக மதிப்பெண் வாங்கலாம் என்று. பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் படித்த பாளையங்கோட்டைப் பெண், கல்லூரியில் பகுதி ஒன்று தமிழில் இரண்டு தாள் பாக்கி என்ற நிலைக்கு வந்து நின்றேன். வீட்டில் சொன்னபோது ஆச்சி நம்பவே இல்லை.

கடைசியில் துறைத் தலைவர் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்த கணக்கு இது: தமிழ் இரண்டு தாள், கணிதத்தில் இரண்டு முதன்மைத் தாள், ஆக நான்கு தாள்களை இங்கே வந்து கூடுதலாக எழுதித் தேற வேண்டும், மீதி அனைத்துக்கும் சமநிலை, அதாவது இங்குள்ள தாள்களுக்கு ஈடு என்ற ஏற்பு, தரலாம் என்று துறை பரிந்துரைக்கும், இறுதி முடிவு பல்கலைக்கழகத்தினுடையது. இதையெல்லாம் எழுதிய பிறகுதான் என் மதிப்பெண் விவரத்தை எடுத்துப் பார்த்தார். அரியர் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டு மடித்துக் கொடுத்தார். அரியர் ஒன்று இருந்திருந்தாலும் சிக்கல்தான், ஏனென்றால் விட்டு வந்த கல்லூரியில் அந்தத் தாளை எழுதித் தேறாமல் அதை இங்கே எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது. 8.9 என்பதற்கும் 6.5 என்பதற்கும் அந்த மேசையில் பெரிய வேற்றுமை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பிறகு காகிதங்களின் வரிசை. பெங்களூர்க் கல்லூரி, வேறு கல்லூரி உங்களைச் சேர்த்துக்கொள்கிறது என்பதற்கு ஆதாரம் கொண்டுவந்தால்தான் மாற்றுச் சான்றிதழ் தருவோம் என்றது. இங்குள்ள கல்லூரி, மாற்றுச் சான்றிதழ் வந்தால்தான் சேர்ப்போம் என்றது. இந்த முடிச்சை அவிழ்ப்பதற்கும் எதிர்வீட்டு மாமாவே வழி சொன்னார். முதலில் சேரப்போகும் கல்லூரியிடம், இரண்டாமாண்டில் இடம் காலியாக உள்ளது, பல்கலைக்கழக ஒப்புதலுக்கு உட்பட்டு இவரைச் சேர்த்துக்கொள்ள ஆட்சேபணை இல்லை என்று முதல்வர் கையெழுத்தில் ஒரு கடிதம் வாங்க வேண்டும். அதைக் காட்டி விட்டுவரும் கல்லூரியில் தடையின்மைச் சான்று. இரண்டையும் பாடத்திட்டத்தோடு சேர்த்துப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம், அதுவும் சேரும் கல்லூரியின் வழியாக. பல்கலைக்கழக ஆணை கைக்கு வந்த பிறகுதான் மாற்றுச் சான்றிதழையும், வேறு பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கான இடப்பெயர்வுச் சான்றிதழையும் கேட்க வேண்டும். மாற்றுச் சான்றிதழை அவசரப்பட்டு முதலிலேயே வாங்கிவிட்டால், இங்கே கதவு சாத்தப்பட்டால் அங்கேயும் திரும்பிப் போக முடியாமல் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

ஜூலை முதல் வாரத்தில் நாகர்கோவில்–பெங்களூர் ரயிலில் இடம் கிடைத்துப் போனேன். தடையின்மைச் சான்று ஒருபுறமிருக்க, நான் அச்செடுத்துப் போன பாடத்திட்டம் செல்லாது, பக்கத்துக்குப் பக்கம் கல்லூரி முத்திரையும் கையெழுத்தும் வேண்டும் என்று இங்கே சொல்லியிருந்தார்கள். நாற்பது பக்கம், நாற்பது முத்திரை. அலுவலக உதவியாளர் ஒருவர் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து, வாழைப்பழம் உரிப்பதுபோல அலட்சியமாக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் குத்திக்கொடுத்தார். அந்தச் சத்தம் எனக்கு நாதஸ்வரமாக இருந்தது.

தடையின்மைச் சான்றுக்குத்தான் தகராறு. மூன்றாம் பருவத்துக்குப் பெயர் பதிவாகிவிட்டது, ஆகவே இரண்டாமாண்டுக் கட்டணத்தையும் கட்டிவிட்டுப் போ, அதுவரை பன்னிரண்டாம் வகுப்பு அசல் சான்றிதழும் எங்களிடமே இருக்கும் என்றார்கள். அப்பாவின் மருத்துவச் செலவுக்கே நகை அடகில் இருந்த நேரம் அது. கட்டணத்தைத் திருப்பித் தருவது, அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் ஓர் அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. மாணவர் படிக்கப்போகும் பருவத்துக்கோ ஆண்டுக்கோ மட்டுமே முன்கட்டணம் வாங்கலாம் என்றும் அதில் இருக்கிறது. அதை அச்செடுத்து, தொடர்புடைய வரிகளுக்குக் கீழே கோடிட்டு, ஒரு வேண்டுகோள் கடிதத்தோடு இணைத்துக் கொடுத்து, ஒப்புகைக் கையெழுத்து வாங்கினேன். குரலை உயர்த்தவில்லை, மானியக் குழுவின் இ-சமாதான் தளத்தில் முறையிடுவேன் என்று கடிதத்தின் கடைசி வரியில் மட்டும் எழுதியிருந்தேன். மூன்றாம் நாள் சான்றும் கிடைத்தது, அசலும் கிடைத்தது. வாயால் பத்துமுறை கேட்டதைவிட ஒப்புகை வாங்கிய அந்த ஒரு கடிதம் வேலை செய்தது.

இந்த இடத்தில் பலரும் கேட்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2021-இல் மானியக் குழு கொண்டுவந்த கல்விக் கடன்புள்ளி வங்கியில், அதாவது தேறிய தாள்களுக்கான கிரெடிட் புள்ளிகளைச் சேர்த்து வைக்கும் இணையக் கணக்கில், எனக்கும் கணக்கு இருந்தது. முதலாண்டில் வாங்கிய ஐம்பது சொச்சம் புள்ளிகள் அதில் ஏறியும் இருந்தன. புள்ளிகள் வங்கியில் இருப்பதால் எந்தக் கல்லூரியும் ஏற்றுக்கொண்டே தீரும் என்று என் பெங்களூர்த் தோழிகள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வங்கி நம் புள்ளிகளைப் பத்திரமாக வைத்திருக்கும், அதிகபட்சம் ஏழாண்டு வரை. எந்தப் புள்ளி எந்தத் தாளுக்கு ஈடாகும் என்பதைச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனம்தான் சொல்ல வேண்டும். பட்டம் தரும் நிறுவனத்திலேயே பாதிப் புள்ளிகளையாவது ஈட்டியிருக்க வேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது. இறுதியாண்டில் இடம் மாற நினைப்பவர்களின் வாய்ப்பு ஏன் அநேகமாக இல்லாமல் போகிறது என்பது இதிலிருந்தே விளங்கும்.

அதன்பின் அபிஷேகப்பட்டிக்கு இரண்டு முறை போனேன். திருநெல்வேலி சந்திப்பிலிருந்து பேட்டை வழியாகத் தென்காசி சாலையில் போகும் பேருந்தில் ஏறினால் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக வாசலில் இறங்கலாம். 1990-இல் இந்தப் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கு முன்பு நம் பகுதிக் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. பெரியப்பாவின் பட்டத்தில் மதுரை, அதே கல்லூரியில் பின்னால் படித்த அத்தையின் பட்டத்தில் நெல்லை; அவர்கள் வீட்டுச் சுவரில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. அவர்களுக்குக் கல்லூரி நகராமல் பல்கலைக்கழகம் நகர்ந்தது. நான்தான் கோப்பைத் தூக்கிக்கொண்டு நகர வேண்டியிருந்தது.

ஆணை வந்து நான் வகுப்பில் உட்கார்ந்தது ஆகஸ்ட் முதல் வாரம். அதற்குள் மூன்றாம் பருவம் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஓடியிருந்தது. எழுபத்தைந்து விழுக்காடு வருகை வேண்டும் என்பதால், மீதி நாட்களில் அப்பாவை உடற்பயிற்சிக்கு அழைத்துப் போவதைக் கூடக் காலை ஏழு மணிக்கு மாற்றிக்கொண்டு, ஒரு நாளும் விடுப்பு எடுக்காமல் போனேன். இடமாற்றத்தை ஏப்ரல் மாதமே தொடங்குவது நல்லது. எனக்கு அந்த வசதி இல்லை. கூடுதல் நான்கு தாள்களை ஒரே பருவத்தில் எழுதிவிடலாம் என்ற என் வீராப்பைத் துறைத் தலைவர் தடுத்துவிட்டார். நவம்பரில் இரண்டு, ஏப்ரலில் இரண்டு என்று முதலாண்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதினேன். தேர்வுக்கூடத்தில் "அக்கா, நீங்க அரியரா?" என்று ஒரு பெண் கேட்டாள். இல்லை என்று விளக்கப் பார்த்தேன், மணி அடித்துவிட்டது.

2025-இல் பட்டம் முடித்தேன். இப்போது முதுகலை படிக்கிறேன். அன்றைய அலைச்சலால் எங்கள் தெருவில் நான் இதற்கெல்லாம் ஆலோசகர் ஆகிவிட்டேன். கலை அறிவியல் இளநிலைப் படிப்புகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன், பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் விதிகளே வேறு என்பதால் அவற்றில் வாயைத் திறப்பதில்லை. போன மாதம் சித்தி மகன் வந்தான். நாகர்கோவிலில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் முதலாண்டு வணிகவியல் படிக்கிறான். இங்கே மாறி வர வேண்டுமாம். "ரெண்டும் ஒரே யுனிவர்சிட்டிதானேக்கா, சும்மா மாத்திருவாவல்லா?" என்றான். ஒரே பல்கலைக்கழகத்துக்குள் மாறினால் இடப்பெயர்வுச் சான்றிதழ் வேலை மிச்சம், அது உண்மைதான். ஆனால் தூய சவேரியார், சதக்கத்துல்லாஹ் அப்பா போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் தத்தம் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்கின்றன. பட்டத்தில் ஒரே பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தாலும், தாள்கள் ஒத்திருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. இரண்டு தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு நடுவே மாறுவது கிட்டத்தட்ட பெங்களூரிலிருந்து நான் வந்த கதைதான், ரயில் பயணம் மட்டும் குறைவு.

எத்தனை மதிப்பெண் என்று அவன் சொல்ல வந்ததை நான் காது கொடுத்துக் கேட்கவில்லை. அரியர் உண்டா என்றேன். ஒன்று உண்டு, புள்ளியியலில். அதை முதலில் எழுதித் தேறு என்றேன். வரப்போகும் வகுப்பில் எத்தனை பேர் என்று அவனுடைய நண்பனிடம் கேட்டுச் சொல்லச் சொன்னேன். அன்று இரவே பதில் வந்தது, இரண்டு இடம் காலி. இப்போது அவன் பாடத்திட்ட நகலில் முத்திரை வாங்குவதற்காக நாகர்கோவிலில் கல்லூரி அலுவலக வாசலில் நின்றுகொண்டு, முப்பத்திரண்டு பக்கத்துக்கும் குத்த வேண்டுமா, முதல் பக்கத்துக்கு மட்டும் போதாதா என்று எனக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.